யாருக்கோ வைத்த கட்டில்

காலை பதினொரு மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது. காட்டுத்தீயின் புகை வானத்தை மூடியதில், விர்ராபின் ஊர்ப் பறவைகள் இரவு வந்துவிட்டதென்று நம்பி அடங்கிப் போயின. சூரியன் பழுத்த பீச் பழம்போலத் தொங்கியது. அதை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்ததுதான் பயமாக இருந்தது. தைலமர இலைகள் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. கருகியும் நரம்பு கலையாத முழு இலைகள். தொட்டால் விரலில் கரிதான் மிஞ்சும்.

வருடாவருடம் பூசணிக்காய்ப் போட்டி நடக்கும் கொட்டகைதான் இப்போது புகலிட முகாம். வாசலில் ஒரு மேசை போட்டு, முதுகில் ‘தொண்டர்’ என்று எழுதிய ஆரஞ்சு மேலாடையோடு நெவில் டிரான்டர் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இடையிடையே எழுந்து டீயும் போட்டார். அந்த டீயை ஊர்க்காரர்கள் அவர் நல்ல மனதுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அவர் தொண்டரே இல்லை. விடிந்ததும் மலைமேட்டுத் தெருவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்பது பேரையும், மேஜர் என்ற தன் கோழியையும் பழைய பேருந்தில் ஏற்றிக்கொண்டு தப்பி வந்தவர். அத்தனை பேரை அவர் கைபிடித்து இறக்குவதைப் பார்த்த முகாம் பொறுப்பாளர் கிளெனிஸ், உதவிக்கு வந்த ஆள் என்று நினைத்து மேலாடையை மாட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல நெவிலுக்கு வாய் வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் கட்டிலில் போய் உட்கார வேண்டியதில்லை.

கிளம்பும்போது பெர்த்திலிருந்து மகள் கெரின் போனில் கத்தியிருந்தாள். “அப்பா, முகாமுக்குப் போனதும் முதல் வேலையா உங்க பேரை எழுதுங்க. நான் விசாரணை நம்பருக்குப் போன் பண்ணித் தெரிஞ்சுக்கறேன்.”

“சரிம்மா, சரி.”

அதன்பிறகு போன் கோபுரம் எரிந்துபோய், ஊரில் இருந்த செல்போனெல்லாம் வெறும் டார்ச் விளக்காகிவிட்டது.

எழுதத்தான் நினைத்தார். பெயருக்கு அடுத்த கட்டம் முகவரி. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. பேருந்தின் கண்ணாடியில் கடைசியாக அவர் கண்டது, மேட்டின்மேல் ஒரு சிவப்பு. தான் எழுதாதவரைக்கும் வீடு போனது முடிவாகவில்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். அது முட்டாள்தனம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவரிடம் வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

“செல்லப்பிராணி உண்டா?” என்று அடுத்து நின்ற பெண்ணிடம் கேட்டார்.

“ஒண்ணு.”

நிமிர்ந்தார். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் பிறந்ததுபோல ஓர் அல்பாகா, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

“குறட்டை விடுமா?”

“விடாது. துப்பும்.”

“என் டீயைக் குடிச்ச எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. உள்ள போங்க.”

உள்ளே ஆட்டுப்பட்டிகளில் புது வைக்கோல்மேல் குழந்தைகள் தூங்கின. போன வருடத்துப் பரிசு ரிப்பன்கள் தலைக்குமேல் ஆடின. பாய்லர் ஆவியும் புகையும் கலந்த அந்த மங்கலில் மனிதர்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

“அந்த நாப்பத்தி மூணாவது கட்டில் காலியாத்தானே இருக்கு?” என்று அல்பாகாக்காரப் பெண் கேட்டாள்.

“அதுக்கு ஒருத்தர் வரணும். நீங்க இதுல படுங்க” என்றார் நெவில். காலையிலிருந்து நான்கு பேரிடம் அப்படிச் சொல்லிவிட்டார். யார் வரவேண்டும் என்று தன்னையே அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பாய்லர் பக்கத்தில் ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் ஒரு குரல்.

“நான் பெர்த்திலேர்ந்து கெரின் பேசறேன். எங்கப்பா நெவில் டிரான்டர். விர்ராபின். ஸ்கூல் பஸ் ஓட்டினவர். நாலு முகாம்லயும் அவர் பேரே இல்லைங்கறாங்க. யாராவது பாத்திருந்தா… அவர்கூட ஒரு கோழி இருக்கும்.”

கோழி என்ற இடத்தில் குரல் உடைந்தது.

கொட்டகை முழுவதும் திரும்பி நெவிலைப் பார்த்தது. மேசைக்கடியிலிருந்து மேஜரும் பார்த்தது. கிளெனிஸ் வந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடினார்.

“நெவில், உன் பேரு எங்க?”

“நான்தான் தொண்டராச்சே.”

“மேலாடையைக் குடுத்ததே நான்தான். எந்திரி.” நாற்காலியில் தான் உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டார். “பேரு?”

“உனக்குத் தெரியாதா? ஆறாங்கிளாஸ்ல உன் சடையை…”

“பேரு.”

“நெவில் டிரான்டர்.”

“முகவரி?”

கருகிய இலை ஒன்று வந்து அந்தக் கட்டத்தின்மேலேயே உட்கார்ந்தது. இருவரும் அதை ஊதவில்லை.

“வேணா விட்டுடலாம்” என்றார் கிளெனிஸ் மெதுவாக.

“இல்ல, எழுது. பதினேழு, மலைமேட்டுத் தெரு. தெருவாவது இருக்கும்ல?”

“இருக்கும்டா.”

“செல்லப்பிராணி ஒண்ணு. துப்பாது.”

அலுவலக அறையில் ஒரே ஒரு கம்பிப் போன் வேலை செய்தது. அதற்கு முப்பது பேர் வரிசை. வரிசை இரண்டாகப் பிரிந்து அவருக்கு வழி விட்டது.

“அப்பா!”

“பேரு எழுதிட்டேன்மா.”

“எப்ப?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பதான்.”

கெரின் திட்ட ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, நிறுத்தாமல், சின்ன வயதில் அவர் திட்டியதையெல்லாம் திருப்பித் தருவதுபோலத் திட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார். மூடிய இமைக்குள்ளும் ஆரஞ்சு வெளிச்சமே இருந்தது.

திரும்பி வந்து, மேலாடையைக் கழற்றி மடித்து, நாற்பத்து மூன்றாவது கட்டிலில் உட்கார்ந்தார். யாரோ போர்வை போர்த்தினார்கள். அல்பாகாக்காரப் பெண் ஒரு குவளை டீ கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

“கொடுமையா இருக்கே. யார் போட்டது?”

“நீங்கதான். காலையில.”

கடைசிச் சொட்டு வரை குடித்தார்.