சாக்குக்கட்டிச் சமையலறை

சுவரை இடித்துப் பெரிதாக்கக் கையில் காசில்லை. அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ், புது அலமாரி எல்லாம் இருக்கிற இடத்திலேயே அடங்கியாக வேண்டும். ஆகவே சமையலறை கடைசியில் வீட்டுக்காரரான தையற்காரர் கையிலேயே மாட்டியது. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் தரை முழுக்க, அடுப்பு இங்கே, அலமாரி அங்கே என்று கோடு போட்டுத் தள்ளினார். நாலு சட்டைத் துணியில் அஞ்சு சட்டை வெட்டிப் பேர் வாங்கியவர். இங்கேயும் ஓர் அங்குலம் வீணாக்கவில்லை.

காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போன அவர் மனைவிக்கு அந்தக் கோடுகளைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது.

"எப்படி? கச்சிதமா இருக்கில்ல?" என்றார்.

அவள் கோடுகளுக்குள் போனாள். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. அடுப்புக்கு அடியில் வரப்போகும் தட்டிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோலக் குனிந்தாள். பாதி உடம்பு பின்னாலிருந்த அலமாரிக் கோட்டுக்குள் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத்தானே தைக்கிறீங்க? இதுக்குள்ள நிக்கப்போறவளை அளவெடுத்தீங்களா?"

தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, அவளை மறுபடி குனியச் சொல்லி அளந்தார். அலமாரிக் கோட்டில் பாதியைக் காலாலேயே அழித்தார்.

"இப்ப சரியா இருக்குமா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"உள்ள இன்னும் கொஞ்சம் துணி விட்டுத் தைங்க. சாகற வரைக்கும் நான் போட்டுக்கப்போற உடுப்பு இது."