பத்து டன் தாங்கும்

டில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கேட்டிலிருந்து உள்ளே வரும் தார்ப்பாதையில், பி பிளாக் படிக்கட்டுக்கு எதிரே, ஓர் இடத்தில் நான் கால் வைக்கவில்லை. ஒன்பது வருஷம். பூச்செடிப் பாத்தியில் ஏறி, செருப்பெல்லாம் மண்ணாகச் சுற்றிக்கொண்டு போவேன். இது ஏதோ வாஸ்து சமாசாரம் என்று ராஜம் நினைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு என்னைப் பற்றி எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான். எனக்கு வினையே அதுதான்.

போன மார்ச்சில் அந்தப் பாதையைக் கழுவி, பள்ளங்களை அடைத்து, மேலே புதுத் தார் போடுவதென்று செயலாளர் ஜெயசீலன் முடிவு செய்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் காகிதத்தைப் பார்த்துச் செய்கிறவர். நோட்டீஸ் போர்டில் அறிவிப்பைப் படித்ததும், ரோலர் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் தேடினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்துக்குக் கீழே மழைநீர் சேகரிப்புக் கிணறு இருக்கிறது. இருபதடி ஆழம். நான் செயலாளராக இருந்தபோது அதன் கான்கிரீட் மூடி விரிசல் விட்டது. அதை மாற்ற வாங்கிய பண அனுமதி மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி. புது மூடி வரப் பத்து நாளாகும் என்றார் காண்ட்ராக்டர். மத்திய அரசு ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரே வழிதான். மார்ச்சில் ‘வேலை முடிந்தது’ என்று எழுதிவிடுவோம், வேலையை ஏப்ரலில் பார்த்துக்கொள்வோம்.

அப்படியே எழுதினேன். மூடி மாற்றப்பட்டது, நேரில் சரிபார்த்தேன், பத்து டன் தாங்கும். கீழே ‘பட்டாபி, செயலாளர்’ என்று கையெழுத்து. விரிசல் மூடியின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, அதன் மேல் தாரை இழுத்துவிடச் சொன்னேன். ஏப்ரல் வரைக்கும்தானே! ஏப்ரலில் காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. மே மாதம் எனக்குச் சிறந்த செயலாளர் என்று கேடயம் கொடுத்தார்கள். ராஜம் அதைத் துடைத்து ஷோகேஸில் வைத்தாள். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

கனமான வண்டி எதையும் அந்தப் பக்கம் விடாதே என்று காவலாளியிடம் மட்டும் சொல்லி வைத்தேன். கார்கள் போயின, வந்தன. ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூட வேன் போகும்போது மட்டும் பால்கனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கோழை என்றால் கோழைதான், மறுக்கவில்லை.

முதல் நாள் கழுவினார்கள். பிரஷர் பைப்பின் வேகத்தில் பாசியும் எண்ணெய்க் கறையும் கிளம்பிப் போயின. மற்ற பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. பி பிளாக்குக்கு எதிரே மட்டும் நிற்கவில்லை. மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. மோட்டார் நின்ற ஒரு நொடியில் எனக்குக் கேட்டது, கீழே ஆழத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். பைப் பிடித்தவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ரோலர் வந்தது. ஓட்டுபவர் பெயர் ராம்ஸ்வரூப். ஒல்லியான ஆள், கழுத்தில் சிவப்புத் துண்டு. ராஜம் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஹோலிக்கு ஊருக்குப் போகமுடியாததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அதெல்லாம் ஏன் எனக்குத் தெரியவேண்டும்?

ஜெயசீலனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்தில் ரோலர் வேண்டாம், கையால் தட்டிவிட்டால் போதும் என்றேன். ஏன் என்றார். அடியில் தண்ணீர்க் குழாய் போகிறது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவர் சிரித்தார்.

“அங்க பைப்பே இல்ல சார். நேத்தே பழைய மினிட்ஸெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். மூடி மாத்தியாச்சு, பத்து டன் தாங்கும்னு உங்க கையெழுத்தே இருக்கு. இந்த ரோலர் எட்டு டன்தான். நீங்க எழுதினதுக்கு மேல என்ன வேணும்?”

அந்த மனிதரைக் கொல்லப்போவது என் கையெழுத்து. அவ்வளவு தெளிவாக அது எனக்கு விளங்கியது. இருந்தும் ‘அச்சா, சரி’ என்று மட்டும் சொன்னேன்.

சூடான தார்க்கலவையைக் கொட்டிப் பரப்பினார்கள். ரோலர் கேட்டிலிருந்து கிளம்பியது. நடந்து வருகிறவனை விட மெதுவாகத்தான் வந்தது. அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது. ஒரே பாய்ச்சலாக வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், நான் எதையும் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்காது. தூணைத் தாண்டியது. மீட்டர் பெட்டியைத் தாண்டியது. தரை அதிர்வது என் முழங்காலில் தெரிந்தது. ராம்ஸ்வரூப் ஒரு கையால் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.

நான் பாத்தியிலிருந்து இறங்கி, ஒன்பது வருஷமாக மிதிக்காத அந்த இடத்தில் போய் நின்றேன்.

தாரின் சூடு செருப்பு வழியாக ஏறியது. கையைத் தூக்கினேன். ரோலர் மூன்று முழத்தில் நின்றது. ராம்ஸ்வரூப் திட்டிக்கொண்டே குதித்து இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்தார். நான் ஓரடி எடுத்து வைத்திருப்பேன். ரோலரின் அதிர்வில், காலுக்குப் பின்னால் தரை விட்டுப்போனது. ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. தகரம் கிணற்றுச் சுவரில் மோதிக்கொண்டே போகும் சத்தமும், பிறகு அது தண்ணீரில் விழும் சத்தமும் கேட்டன.

கூட்டம் கூடிவிட்டது. ஜெயசீலன் குனிந்து பார்த்துவிட்டு வெளுத்துப்போனார். அந்தக் காண்ட்ராக்டர் உங்களையும் ஏமாற்றியிருக்கிறான் சார் என்றார். உங்கள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்டார். ராஜம் அழுதுகொண்டே ஓடிவந்தாள். “அவர் எப்பவுமே அப்படித்தான். கண்ல விளக்கெண்ணெய விட்டுண்டு பார்ப்பார்” என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ராம்ஸ்வரூப் ரோலரின் இருக்கையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பில்லாத என் காலைத் தொட்டார். நீங்கள்தான் உயிரைக் காப்பாற்றினீர்கள் பாபுஜி என்று இந்தியில் சொன்னார். காலில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

சும்மா இருந்தால் போதும். பழி காண்ட்ராக்டர் தலையில் விழுந்துவிடும், எனக்கு இன்னொரு கேடயம்கூட வரும். கிணற்றின் மேல் நின்றபோது இருந்ததைவிட இப்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ராஜத்தின் முகத்தைப் பார்க்காமல், ராம்ஸ்வரூப்புக்குப் புரியவேண்டும் என்று இந்தியிலேயே சொன்னேன்.

“முஜே மாலூம் தா. நௌ சால் ஸே.”

தெரியும், ஒன்பது வருஷமாகத் தெரியும் என்று ஜெயசீலனுக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னேன். என் காலின் மேலிருந்த கையை ராம்ஸ்வரூப் எடுத்துக்கொண்டார்.