மெத்தென்று ஒரு வேட்டி

ஏனாத்தூர் தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தாறு, எடை எண்பத்தெட்டு கிலோ. இந்த எடையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக் கூரைக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இறங்குங்க!" என்று அவர் மனைவி பொன்னி கரண்டியோடு ஓடி வந்தாள். "ரெண்டரை கிலோ கொழந்த தூங்கப் போற தூளிக்கு நீங்க இன்னாத்துக்குத் தொங்கறீங்க?"

"டெஸ்டிங்டி! கொக்கி தாங்குதான்னு பாக்க வேணாமா?"

கொக்கி தாங்கியது. ஸ்டூல்தான் எட்டவில்லை. கட்டிலில் ஒன்பது மாத வயிற்றோடு சாய்ந்திருந்த மகள் அபிநயா, "அப்பா, சிரிக்க வைக்காதப்பா, வயிறு இழுத்துப் புடிக்குது" என்று கெஞ்சிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பொன்னி ஸ்டூலை நகர்த்திப் போட்டு அவரை இறக்கினாள்.

முதல் பேரக்குழந்தை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வளைகாப்பு முடிந்து மகளை வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்து அவர் செய்யாத கூத்து இல்லை. சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. தெருநாய் குரைத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று, இன்னும் பிறக்காத குழந்தைக்காக, நாய்களுக்குப் பொறை பிஸ்கட் வாங்கிப் போட்டு இப்போதே சிநேகம் பிடித்து வைத்தார். அதன் விளைவாக நாலு நாயாக இருந்தது ஒன்பது நாயாகிவிட்டது.

ஆனால் இதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் உயிரை வைத்திருந்தார். பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று புதுசாக எதுவும் வாங்கக் கூடாது, பழந்துணிதான் சேர்த்து வைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவர்கள் குடும்பத்தில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. நர்ஸ் கையிலிருந்து பிள்ளையை முதன்முதலில் தாத்தாவின் பழைய வேட்டியில்தான் வாங்க வேண்டும். தணிகாசலத்தை அப்படித்தான் வாங்கினார்கள். அபிநயாவையும் பொன்னியின் அப்பா வேட்டியில்தான் வாங்கினார்கள். இப்போது அவருடைய முறை. என் வேட்டி, என் பேரப்பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அதில்தான் வந்தது சிக்கல்.

பொன்னி அவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். "இது வேட்டியா, அப்பளமா? சொரசொரங்குது. பச்ச ஒடம்பு கீறிக்கும்."

வீட்டில் இருந்ததெல்லாம் பச்சைக் கரை போட்ட கட்சி வேட்டி. இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதுவும் பாலியஸ்டர் கலந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷம் அவர் ஊதாக் கரைக் கட்சியில் இருந்தார். அவரும் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் ராஜகோபாலும் அதில் இணைபிரியாத ஜோடி. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே வேனில் மாநாட்டுக்குப் போனவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் அபிநயாவை ராஜகோபாலின் மகன் யுவனுக்குக் கட்டி வைத்தார். கல்யாணமாகி ஆறே மாதத்தில் மாவட்டப் பொறுப்பு ஒன்று காலியானது. இரண்டு பேரும் கேட்டார்கள். ராஜகோபாலுக்குக் கிடைத்தது. தணிகாசலம் மறுநாளே பச்சைக் கரைக்குத் தாவிவிட்டார்.

சும்மா தாவியிருந்தாலாவது பரவாயில்லை. வாலாஜாபாத் பொதுக்கூட்டத்தில் மேடையிலேயே ஊதா வேட்டியைக் கொளுத்தி, "என் வீட்டிலிருந்த இருபத்தொரு வேட்டியையும் எரித்துவிட்டேன், இனி அந்தக் கரை என் வாசற்படி மிதிக்காது!" என்று முழங்கினார். கைத்தட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த வீடியோ இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வளைகாப்பில்கூட ஒருவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார், ஒருவர் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை யுவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, பைக்கில் ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினான்.

"மாமா, அப்பா குடுத்து அனுப்பிச்சாரு. கொழந்தைக்குன்னு." குரல் பாதிதான் வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் ஊதாக் கரை. பொன்னி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. "அடி ஆத்தாடி! அபி, தொட்டுப் பாரேன். வெண்ண மாதிரி இருக்குது!"

தணிகாசலத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. பட்டு வியாபாரம் செய்கிற மனுஷன், ஒரு பட்டுத்துணியை அனுப்பியிருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றே பஞ்சு மாதிரிப் பழந்துணியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான்!

"இந்த வீட்டுப் பிள்ளையை அந்தக் கரையில வாங்கறதா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

அபிநயா நிதானமாகச் சொன்னாள். "அப்பா, எனக்குக் கட்சியும் வேணாம், கரையும் வேணாம். எது மெத்துன்னு இருக்குதோ அதுல வாங்குவாங்க. உன்னுது மெத்துன்னு ஆச்சுன்னா உன்னுது. அவ்ளோதான்."

அவ்வளவு போதாதா அவருக்கு? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டை துவைத்தறியாத மனிதர், அன்று மாலையே ஆறு வேட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துத் துவைகல்லுக்குப் போனார். துவைத்தார், காயப்போட்டார், மறுபடியும் துவைத்தார். கட்சியில் அவருக்கு வலதுகை போன்ற தேவசகாயத்தை வரவழைத்து, வேட்டியின் ஒரு நுனியை அவன் பிடிக்க, மறுநுனியை இவர் பிடித்து முறுக்க, பார்க்கிறவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடப்பதுபோல் இருந்தது.

"தலைவரே, நம்ம கட்சி வேட்டிய நாமளே இப்படி அடிக்கறது தப்பில்லையா?" என்றான் தேவசகாயம்.

"புடிச்சு முறுக்குடா. பேசாத."

துணிக்கு மிருது தரும் தைலம் என்று கடையில் எதையோ விற்றார்கள். நாலு பாட்டில் ஊற்றினார். வீடு முழுக்க மல்லிகைப்பூ வாசனை அடித்தது. வேட்டி மட்டும் அப்படியே இருந்தது. அபிநயா கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "வாசன சூப்பர்ப்பா. ஆனா கீறுது" என்று தீர்ப்புச் சொன்னாள். பாலியஸ்டர் கலந்தது நூறு வெளுப்புக்கும் அசைந்து கொடுக்காது. தணிகாசலம் கிணற்றடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உண்மையாகவே துக்கப்பட்டார்.

திங்கட்கிழமை காலை பொன்னி குளிக்கப் போனாள். யுவன் இரவு ஷிப்ட் முடித்து வந்து, உள்ளறையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். தணிகாசலம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பூனைபோல் அடியெடுத்து ஏணியைப் பரணில் சாய்த்து மேலே ஏறினார். பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. திறந்தார்.

அத்தனையும் ஊதாக் கரை. பத்தொன்பது வேட்டி.

மேடையில் கொளுத்தியது இரண்டைத்தான். மீதியைக் கொளுத்த அவருக்குக் கை வரவில்லை. இருபது வருஷம் இடுப்பில் கிடந்த துணி. அதைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீருக்காக மறியல் செய்தார், அதைக் கட்டிக்கொண்டுதான் ராஜகோபாலின் தோளில் கைபோட்டு ஊரெல்லாம் சுற்றினார். ரோஷத்தில் கட்சியை விட்டுவிடலாம், துணியை நெருப்பில் போட மனசு வந்தால்தானே! ஒன்றை உதறிக் கன்னத்தில் வைத்தார். ராஜகோபால் அனுப்பியதெல்லாம் இதன் பக்கத்தில் வந்து நிற்க முடியாது. பரணிலேயே உட்கார்ந்து அதைப் பிள்ளையைச் சுற்றும் அளவுத் துண்டுகளாகச் சர்சர்ரென்று கிழிக்க ஆரம்பித்தார்.

"அப்பா."

கீழே அபிநயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து நின்றாள்.

"நீதான் எல்லாத்தையும் எரிச்சிட்டியே."

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். கையில் துண்டு, மடியில் துண்டு, தோளில் ஊதாக் கரை, மூக்கில் ஒட்டடை.

"எரிச்சேன்மா," என்றார் கடைசியில். "அது... எரிஞ்சும் எரியாம..."

அவ்வளவுதான். அபிநயா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எரிஞ்சும் எரியாமயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நின்று, காலடியில் பார்த்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

"அப்பா... பனிக்குடம் உடைஞ்சிடுச்சுப்பா."

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். தணிகாசலம் ஏணியில் பாதி இறங்கினார், மீதியை விழுந்தார். பொன்னி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். யுவன் விழித்து, ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் மாமியார் செருப்புமாக வீட்டுக் காரைக் கிளப்பினான். ராஜகோபாலின் மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. யாருக்கும் அது ஞாபகமில்லை. அபிநயாதான் காரில் ஏறும்போது அப்பாவின் கையிலிருந்த துண்டுகளை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"பயப்படாத, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மாமனாரு அவருதுன்னு நெனச்சுக்கட்டும். உன் மானமும் காப்பாத்தியாச்சு, கொழந்தைக்கும் மெத்துன்னு ஆச்சு" என்று வலிக்கு நடுவே கண்ணடித்தாள். பெண் என்றால் இவள் பெண்!

காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பொதுக்கூட்டத்துக்கு உண்டான ஆள் இருந்தது. பொன்னி மகளுக்குத் துணையாக உள்ளே இருந்தாள். இந்தப் பக்க பெஞ்சில் தணிகாசலமும் பச்சைக் கரை ஆறு பேரும். அந்தப் பக்க பெஞ்சில் ராஜகோபாலும் அவர் மனைவி மணியம்மாளும் ஊதாக் கரை எட்டுப் பேரும். நடுவில் யுவன், எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான்.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"அபிநயா குடும்பம் யாரு? பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கையில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம். அதன் ஓரத்தில், குட்டித் தாடைக்குக் கீழே, பளிச்சென்று ஊதாக் கரை.

ராஜகோபால் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தியா! பாத்தியா மணி! என் வேட்டி! எம் பேத்தி என் வேட்டியில வந்திருக்குது!" எட்டுப் பேரும் விசில் அடித்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினான். பச்சைக் கரை ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். தேவசகாயம் பெருமூச்சு விட்டு, "விடுங்க தலைவரே, அடுத்த கொழந்தைக்குப் பாத்துக்கலாம்" என்று காதோரம் சொன்னான்.

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மானம் தப்பித்துவிடும். திறந்தால் வாலாஜாபாத் மேடை, கைத்தட்டல், இருபத்தொரு வேட்டி, எல்லாம் பொய்யென்று ஊர் சிரிக்கும். அடுத்த மாதம் அவருக்கு ஒன்றியப் பொறுப்பு தருவதாக வேறு பேச்சு. பேசாமல்தான் இருக்கப் பார்த்தார், பாவம். ஆனால் ராஜகோபால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நர்ஸை நோக்கி ஓரடி வைத்தார். பொட்டலத்துக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. தணிகாசலம் எழுந்தே விட்டார்.

"அது என் வேட்டி!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாய்யா சொல்ற?" என்றார் ராஜகோபால். இரண்டு வருஷத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "ஊதாக் கரைய்யா அது. நீதான் எல்லாத்தையும் எரிச்சிட்டியே!"

"எரிக்கல! ரெண்டுதான் எரிச்சேன். மீதி பத்தொம்போதும் பரண் மேலதான் இருந்துச்சு. நீ அனுப்புனது எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கெடக்குது. இது நான் கட்டுனது, என் கையால கிழிச்சது. நம்பலன்னா மூலையில சலவைக் குறியப் பாரு. எங்க ஊரு சலவைக்காரரு போடற குறி, மூணு புள்ளி ஒரு கோடு!"

நர்ஸ் அந்த மூலையைத் திருப்பிக் காட்டினாள். அழியாத மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு.

ராஜகோபால் குறியைப் பார்த்தார், தணிகாசலத்தைப் பார்த்தார். "பத்தொம்போதா?" என்று கேட்டார்.

"பத்தொம்போது."

"அடப்பாவி! அந்த வீடியோவப் பாத்துட்டு ஒரு வாரம் நான் சோறு திங்கலடா. எரிச்சிட்டானே, எல்லாத்தையும் எரிச்சிட்டானேன்னு!" ராஜகோபால் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது. தணிகாசலத்தின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டு, அதே கையால் அவரை முன்னால் தள்ளினார். "போ, போய் நீயே வாங்கு. உன் வேட்டி, நீதான் வாங்கணும்."

தணிகாசலம் கையை நீட்டினார். எண்பத்தெட்டு கிலோவும் நடுங்கியது. பொட்டலத்தை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டபோது அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது; அடக்கவும் இல்லை. மணியம்மாளும் ராஜகோபாலும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

தேவசகாயம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "தலைவரே, நீங்க பேசுன அத்தனையும் வீடியோ எடுத்துட்டானுங்க. இந்நேரம் குரூப்ல போட்டிருப்பானுங்க."

"அப்படியா? மூஞ்சி தெளிவா விழுந்திருக்குதா பாரு."

"உங்க மூஞ்சியா தலைவரே?"

"எம் பேத்தி மூஞ்சிடா! சரியா விழலன்னா இன்னொரு தடவ எடுக்கச் சொல்லு, நான் மறுபடியும் சொல்றேன்."