ஏழேகால் பஸ்

1974ஆம் ஆண்டு, மைமூனா கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குக் கணிதம் படிப்பிக்கப் போய்வந்தாள். காலையில் முதலில் பாதை ஏற வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் சுமந்து தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். அக்கரையில் ஏழு மணிக்கு பஸ். பெரும்பாலான நாட்களில் அவள் கரையேறும்போது அதன் புழுதிதான் மிஞ்சியிருக்கும். அடுத்தது எட்டரைக்கு. அந்த மாதம் வரவுப் புத்தகத்தில் அவளுக்குப் பதின்மூன்று சிவப்புக் கோடுகள்.

துறையில் பஸ் நேரம் பார்க்கும் இராசநாயகத்திடம் முறையிட்டாள்.

"பாதை பிந்தினா நான் என்ன செய்ய, டீச்சர்? நேரத்தோட வெளிக்கிடுங்கோ."

"முதல் பாதையிலதான் வாறன், ஐயா."

மறுநாளிலிருந்து, பாதை கரை தொடும் நேரத்தைக் கொப்பியில் குறித்தாள். அறுபது காலைகள். ஆறு ஐம்பதுக்கு முன்னும் ஏழு இருபதுக்குப் பின்னும் அது ஒருநாளும் வரவில்லை. இடைப்பட்ட முப்பது நிமிடங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினாள்: பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது. எங்கும் குவியாமல் சீராகப் பரந்திருந்தது.

இராசநாயகத்தின் மேசையில் நீள்சதுரம் ஒன்றைக் கீறிக் காட்டினாள்.

"முழு அகலம் முப்பது நிமிஷம். ஏழுக்கு முன்னால பத்துத்தான். அப்ப மூண்டு நாளைக்கு ஒருநாள்தான் பஸ் கிடைக்கும். ஏழேகாலுக்கு எடுத்தா இருபத்தஞ்சு நிமிஷம் எங்கட பக்கம். ஆறு நாளில அஞ்சு நாள் பிடிப்பம்."

"சரியா ஏழு மணிக்கே வந்து தொட்டா?"

"அந்த ஒரு கணத்துக்கு அகலமே இல்லை, ஐயா. அகலம் இல்லாட்டி வாய்ப்பும் பூச்சியம்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஏழு இருபதுக்கே கேக்கலாமே?"

"நாப்பது நிமிஷ ஓட்டம், பிறகு நடை. எட்டு மணிக்கு மணி அடிக்கமுன்னம் போய்ச்சேர ஏலாது."

அவர் மேலிடத்தில் பேசி, இருபத்துநான்கு நாள் ஏழேகாலுக்கு பஸ்ஸை விட்டுப்பார்க்க அனுமதி வாங்கினார். 'இருபது நாள் அளவில் பிடிப்போம்' என்று மைமூனா எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள்.

முதல் ஆறு நாளில் இரண்டு தவறின.

"கணக்குப் பிழைக்குது, டீச்சர்."

"ஆறு நாள் காணாது. முழுக்க முடியட்டும்."

அதன்பின் ஒருநாள்தான் தவறியது. கடைசிக் காலை, ஏழு பன்னிரண்டுக்குப் பாதை கரை தட்டியது. எல்லோரும் சேர்ந்து ஓடினார்கள். பஸ் பிடித்த நாளுக்கு ஒன்றாகச் சுவரில் சோக்கால் கீறிவந்த கோடுகளில் கடைசியை இராசநாயகம் இழுத்தார்.

"இருபத்தொண்டு! உங்கட கணக்கும் பிழை, டீச்சர். ஒண்டு கூடிப்போச்சு!"

"அளவில் எண்டுதானே எழுதினனான், ஐயா!"

அவர் பலகையிலிருந்த பழைய நேரத்தை அழித்துப் புதியதை எழுதினார். ஏழேகாலுக்கு பஸ் புறப்பட்டது. கொண்டக்டருக்கு உள்ளே நுழைய வழியில்லை, அத்தனை சனம். ஜன்னலோரம் இருந்த மைமூனா வாய்விட்டுச் சிரித்தாள்.