வானம் பார்த்த குஞ்சு

மங்கம்மாவின் குஞ்சுகளில் மூன்றாவதும் அண்ணாந்துவிட்டது.

பொரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நேற்றுச் சாயங்காலம் வரை துறுதுறுவென்று கொத்திக்கொண்டிருந்தது. விடிந்ததும் கூடையைத் தூக்கினால், கால்களை மடக்கி உட்கார்ந்து, கழுத்தை முதுகின்மேல் வளைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையைப் பிடித்து நேராக்கினாள். கையை எடுத்ததும் பழையபடி பின்னால் போனது. முதல் இரண்டும் இப்படித்தான் ஆரம்பித்து, மறுநாளே செத்தன.

பக்கத்து வீட்டுப் பஞ்சாலை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “கொள்ளை நோய்தான் மங்கா. பேசாம கழுத்தைத் திருகிப் புதைச்சிடு. ஆபீஸ் கிராணி காதுல விழுந்தா லயத்து வீடுங்கள்ல இருக்கிற கோழி பூராத்தையும் கொளுத்தச் சொல்லிடுவாரு.”

மங்கம்மா கூடையை மூடினாள்.

மலாயாவில் பகாவ் சாலையை ஒட்டிய அந்த ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் மறைந்திருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு ஒரு பருக்கை போகக்கூடாது என்று, வீட்டில் அரிசியோ தவிடோ வைத்திருக்கவும் தடை. பொதுக் கொட்டகையில் பொங்கிய வெள்ளைச் சோறுதான் ஆளுக்கு இவ்வளவு என்று வரும். அதில் ஒரு பிடியை மங்கம்மா குஞ்சுகளுக்குப் போடுவாள். காவற்காரர்களின் நாய்க்குப் பயந்து, அவற்றைத் தாய்க்கோழியோடு கூடைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அவள் புருஷன் அர்ச்சுனன் ஒரு மாதத்துக்கு முன்னால் பால்வெட்டுக்குப் போகும்போது, மத்தியானப் பசிக்கென்று இரண்டு பிடி சோற்றைத் துணியில் முடிந்து எடுத்துப்போனான். கேட்டில் பிடித்தார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. பிடிபட்டதற்கு முந்தின நாள்தான் இந்தக் குஞ்சுகளின் முட்டைகளை அவன் தன் கையால் அடை வைத்திருந்தான்.

அன்று ரப்பர்ப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, வேலிக்கு வெளியே துரை வீட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினாள். அங்கே மாடு பார்க்கும் வள்ளியம்மாவுக்கு, பொரித்த மூன்றாம் நாள் இரண்டு குஞ்சு கொடுத்திருந்தாள். அவையும் போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இரண்டும் இறக்கை முளைத்து, தொட்டிக்கடியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

“இதுங்களுக்கு என்னக்கா போடுறீங்க?”

“நான் என்னத்தப் போட்டேன்? தொட்டியில ஒட்டிக்கிட்டிருக்கிற தவிட்டைக் கொத்தித் தின்னுதுங்க.”

ஒரே கோழி, ஒரே அடை. அங்கே வெள்ளைச் சோறு, இங்கே தவிடு. வேறு எந்த வித்தியாசமும் மங்கம்மாவுக்குத் தட்டுப்படவில்லை. தொட்டியோரம் சிந்திக் கிடந்ததை இரண்டு பிடி அள்ளி, துணியில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

வள்ளியம்மா அவள் கையைப் பிடித்தாள். “வேணாம்லா மங்கா. புருஷன் போனது பத்தலையா?”

“இன்னிக்குக் குடுக்கலேன்னா அதுவும் செத்துடும்க்கா.”

கேட்டில் பெண்களைச் சோதிக்க மாரியம்மாவைப் போட்டிருந்தார்கள். லயத்துக்காரிதான். அவள் கை இடுப்பில் பட்டு நின்றது. மங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். விட்டிருப்பாளோ என்னவோ, அதற்குள் காவல் சாவடியில் இருந்த கார்ப்பரல் பார்த்துவிட்டார். முடிச்சை வாங்கி மேசையில் அவிழ்த்துக் கொட்டினார்.

“யார் கொடுத்தது?” மலாயில் கேட்டார்.

“யாரும் குடுக்கல துவான். கீழே கிடந்தது.” தெரிந்த மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வள்ளியம்மா பெயர் நாக்கில் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வெளியே எங்கே பதுக்கி வைத்திருக்கிறீர்கள்? உன் புருஷன் சோறு கொண்டுபோனான். நீ தவிடு கொண்டுவருகிறாய்.”

“குஞ்சுக்கு, துவான். கழுத்து திரும்பிக் கிடக்குது.”

காவற்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். கார்ப்பரல் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. நாலு மணிக்கு லாரி வரும் என்றார். அது எதற்கு வரும் என்று மங்கம்மாவுக்குத் தெரியும்.

“குஞ்சைக் கொண்டாரச் சொல்லுங்க துவான். இங்கேயே ஊட்டுறேன். நீங்களே பாருங்க.”

கார்ப்பரல் தலையசைத்தார். மாரியம்மா ஓடிப்போய்க் குஞ்சை முந்தானையில் பொத்திக் கொண்டுவந்தாள். அது இப்போது உட்காரவும் முடியாமல் சாய்ந்து கிடந்தது. மங்கம்மா தவிட்டில் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரல் நுனியில் தொட்டு அலகோரம் வைத்தாள். வழிந்து போனது. மறுபடியும் வைத்தாள். தொண்டை ஒருமுறை அசைந்தது.

இரண்டு மணிக்கு ஒரு மாற்றமும் இல்லை. தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். பஞ்சாலை சொன்னது நிஜமாக இருந்தால், நோயைக் காட்டிக்கொடுத்ததும் அவளேதான். லயத்துக் கோழிகளும் போகும், அவளும் போவாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஊட்டினாள். 

மூன்றரைக்குக் கழுத்து லேசாகத் துடித்தது. பாதி தூரம் முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடியும் வந்தது.  குஞ்சு கால்களை உதறி எழுந்து, இரண்டு அடி வைத்து, மேசையில் கிடந்த தவிட்டின்மேல் விழுந்தது. அப்புறம் அதைக் கொத்தியது. ஒரு கொத்து குறி தவறியது. அடுத்தது தவறவில்லை.

சிரித்த காவற்காரன் குனிந்து பார்த்தான். 

லாரி கேட்டில் வந்து ஹாரன் அடித்தது. கார்ப்பரல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மங்கம்மாவையும் குஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போ,” என்றார்.

அவள் போகவில்லை. குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். 

“துவான், தவிடு.”

மாரியம்மா பதறி அவள் முதுகில் இடித்தாள். “போடி! விட்டதே பெரிசு!”

“வீட்ல இன்னும் அஞ்சு இருக்குது துவான்.”

கார்ப்பரல் மேசையைப் பார்த்தார். பிறகு துணியை ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, லாரியை நோக்கி நடந்தார்.

மங்கம்மா மேசையில் சிதறிக் கிடந்ததை உள்ளங்கையால் வழித்து, ஒரு பொட்டு விடாமல் துணியில் சேர்த்து முடிந்தாள்.