முகமூடியைக் கழற்றியது யார்?

ஆறாவது காலையும் அதே கதைதான். கண் விழித்ததும் கிரேன்காரர் முகத்தைத் தடவிப் பார்த்தார். மாஸ்க் இல்லை. சுவரில், கடிகாரத்துக்கும் மேலே இருந்த ஆணியில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீதானே கழட்டின?" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்லை பாருங்க. நீங்க குறட்டை விடாம தூங்கினா எனக்குத்தானே நிம்மதி?"

நியாயமான பேச்சு. உடனே சந்தேகம், பக்கத்து அறையில் ஒரு வாரமாக டேரா போட்டிருக்கும் மச்சான் மேல் தாவியது.

விஷயம் விளையாட்டல்ல. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. தொடர்ந்து ஏழு ராத்திரி, தலா நாலு மணி நேரமாவது, மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே செலுத்தும் சிபாப் மெஷினோடு தூங்கினால்தான் மறுபடி கிரேன் ஏறலாம் என்று கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இதுவரை ஒரு ராத்திரியும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு, மனைவியோடு அதை வாங்கிய கடைக்குப் போனார். மாஸ்க் பொருத்தும் பெண் கம்ப்யூட்டரில் கணக்கைப் பார்த்தாள்.

"தினமும் காத்து பயங்கரமா கசியுது சார். கசிய ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல யாரோ மெஷினை நிறுத்திடறாங்க."

"பாத்தியா! யாரோ!"

மனைவி அசரவில்லை. "அந்த ஆணி எனக்கு எட்டுமா? என் தம்பி என்னைவிடக் குள்ளம். வேலை முடிஞ்சா கொக்கியை உச்சிக்கு ஏத்தி வைக்காம இறங்கவே மாட்டேன்னு பீத்திப்பீங்களே, அது யாரு?"

கிரேன்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தூக்கத்துலயே மாஸ்க்கை உச்சிக்கு ஏத்தி டூட்டி முடிச்சிருக்கீங்க!" என்று சிரித்தாள் கடைப்பெண். "ஏன் கழட்டினீங்கன்னு பாத்துடலாம். மாட்டிக்கிட்டு இந்தக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுங்க."

படுத்தார். காற்று ஓரமாகக் கசிந்து கண்ணில் அடித்தது.

"இதான்! இதுக்குத்தான் பட்டையை இறுக்கிக்கிட்டே வந்தேன்."

"இறுக்கினா ஓரம் மடங்கி இன்னும் கசியும் சார். மூக்கு, வாய் ரெண்டையும் மூடற இவ்வளவு பெரிய சைஸை யார் குடுத்தா?"

"நான்தான் கேட்டேன். ஆளுக்கு ஏத்த மாஸ்க் வேண்டாமா?"

"ஆள்தான் பெரிசு. முகம் சின்னது."

மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாய் திறக்காமல் சமாளிக்கிறாரா என்று பார்க்க, கடைப்பெண் அவரை ஒரு வாய்த் தண்ணீரை அடக்கிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொன்னாள். மூன்று நிமிடம். சுலபமாகத் தாங்கினார். மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க் வந்தது. பட்டையைத் தளர்த்தி, காற்றை ஓடவிட்டு, படுத்த நிலையிலேயே அளவு பார்த்தாள். கசிவு இல்லை.

"எப்படி இருக்கு சார்?"

 பட்டப்பகலில், கடைக் கட்டிலில், ஆள் குறட்டையில்லாமல் தூங்கிப்போயிருந்தார்.

அடுத்த ஏழு ராத்திரியில் மிகக் குறைந்த கணக்கே ஐந்து மணி நேரம் ஐம்பது நிமிடம். டாக்டர் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் வேலை முடித்து, கொக்கியை உச்சிக்கு ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார். ஆணியைக் காணோம்.

"நான்தான் பிடுங்கிட்டேன்," என்றாள் மனைவி. "ஸ்டூல் போட்டு."