ஈரப்பலா இழுத்த குழி

2023 செப்டம்பர் 11, திங்கள். சாய்ந்தமருதில் அஸ்மியா வீட்டு மலக்குழி கிணற்றை நோக்கி இன்னும் இரண்டடி நகர்ந்திருந்தது. முந்தின நாள் ஒன்றரை அடி என்று சொன்னது பிழை. அளவு நாடாவின் முனை மடிந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

குழியை இழுத்தது கிணற்றுக்கு அப்பால் நின்ற ஈரப்பலா மரத்தின் வேர். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அஸ்மியாவின் வாப்பா ஆதம்பாவா இரண்டு பெண்மக்களுக்கும் ஒரே வளவில் வீடு கட்டிச் சீதனம் கொடுத்தவர். பின்வளவு பிரிக்க முடியாத அளவுக்கு ஒடுக்கமாக இருந்ததால் நிலத்தை மூத்தவள் அஸ்மியாவுக்கும், அதில் நின்ற ஈரப்பலாவை இளையவள் சுல்பிகாவுக்கும், கிணற்றை இருவருக்கும் பொதுவாகவும் எழுதினார். மரத்தை ஒருத்திக்கும் மண்ணை இன்னொருத்திக்கும் கொடுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். வேர் யாருக்கு என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டி வந்தபோது ஆதம்பாவா மௌத்தாகிவிட்டார்.

இழுவை தொடங்கிய முதல் வருஷம் குழாய் மட்டும் கழன்றது. அஸ்மியாவின் புருஷன் நூஹு, மீன் வாடியில் ஐஸ் உடைப்பவர், வேலை முடிந்து வந்து ஒரு துண்டுக் குழாயை ஒட்டினார். மறு வருஷமும் ஒட்டினார். குழி கட்டிய மேசன் கனகரெத்தினம் காரைதீவிலிருந்து வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். கொங்கிரீட் வளையங்களை உள்ளும் புறமும் வேர் பாய்போலப் பின்னியிருந்தது.

“நான் கால் வச்சிக் கட்டல்ல, தங்கச்சி. இது மரத்திர வேல” என்றார்.

“இனிக் குழியத் தேடி நான் பஸ்ஸில போகணும் போல” என்றார் நூஹு. ஒருவரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

வேர் பட்டுப்போகட்டும் என்று உப்புக் கொட்டினார்கள். வேருக்குத் தாகம் கூடி அந்தக் கிழமை இழுவையும் கூடியது. வேரை வெட்டுவோம் என்று அஸ்மியா சொன்னபோது சுல்பிகா வாசலை மறித்து நின்றாள். அவளுடைய புருஷன் கட்டாருக்குப் போய்த் தகவலற்றுப் போனவன். ஈரப்பலாக்காயைச் சீவிப் பொரித்துக் கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவளும் மகள் ஹிமாயாவும் சாப்பிட்டார்கள்.

“வாப்பா மரத்த எனக்குத்தானே தந்த, ராத்தா. வேரு மரமில்லாம என்ன, வானத்தில இருந்தா வந்த?”

“அப்ப ஒன்ட மரம் என்ட கக்கூசையும் எடுத்து வச்சிக்கட்டும்!”

“அதத்தானே அது செய்யிது” என்றாள் சுல்பிகா.

அஸ்மியா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவளுடைய பயம் கக்கூசைப் பற்றியதல்ல, கிணற்றைப் பற்றியது. இரண்டு வீடும் குடிப்பதும் சோறாக்குவதும் தொழுகைக்கு ஒழு எடுப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கடற்கரை மணலில் குழித்தண்ணீர் ஊறுவதை யாராலும் தடுக்க முடியாது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் அப்போது ஒரு தென்னோலை அளவு இடம்தான் மிச்சம்.

சுல்பிகா கல்முனைக்குப் போயிருந்த ஒரு காலையில் அஸ்மியாவும் நூஹுவும் இடுப்பளவு ஆழத்துக்குக் கான் வெட்டி, குறுக்கே வந்த வேர்களை அறுத்து, பழைய கூரைத் தகரத்தை நிறுத்தி மண்ணால் மூடினார்கள். மறுநாள் மரத்தில் பாதிப் பிஞ்சு கொட்டிக் கிடந்தது. சுல்பிகா பிஞ்சுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் அஸ்மியாவின் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

வேர் தகரத்துக்கு அடியால் வந்து மறுபடியும் இழுத்தது. ஆனால் நூஹு அலுப்பில் தகரத்தைச் சரிவாக நட்டிருந்தார். குழி அதில் முட்டி, நிற்காமல், தகரத்தின் ஓரமாக ஒரு பக்கம் வழுக்கிப் போயிருந்தது. அதை முதலில் கண்டவள் அஸ்மியா. தகரத்தின் அடி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அது நிக்காது, புள்ள. ஆனா திரும்புது. கிணத்தச் சுத்தி விட்டா ஒன்ட மரத்தடிக்கே போகும். வேர வெட்டத் தேவல்ல.”

சுல்பிகா ராத்தாவின் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். “போகட்டும். மம்பட்டி இரிக்கா, நான் கொண்டுவரவா?”

மூன்று பேருமாகக் கிணற்றை விலக்கி வளைவாகக் கான் வெட்டித் தகரத்தைச் சரிவாக நட்டார்கள். குழி அந்த வழியே திரும்பியது. கிணற்றுத் தண்ணீரை நூஹு முதலில் குடித்தார், தலையாட்டினார். குழிக்குப் பின்னால் குழாயை நீட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்றாகிப் போனது. ஆரம்பத்தில் பெரியநீலாவணையிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. ஒழுங்கையால் போகிறவர்கள் மட்டும், கீரி மீன் என்ன விலை என்று கேட்கிற குரலில், குழி எங்கே வந்திட்டுது என்று கேட்டார்கள். மரத்தடிக்கு அரைவாசித் தூரம் வந்திட்டு என்றாள் அஸ்மியா.

நாளைக்கு, குழி வரும் வழியில் இருக்கிற சுல்பிகாவின் கோழிக்கூட்டைத் தூக்கி மேற்கே வைக்க வேண்டும். குழாயைத் திருப்ப ஒரு முழங்கைத் துண்டு வாங்க வேண்டும்.